சிவப்புத் திரை போட்ட வெள்ளை வேன்

அதைத்தான் சொல்ல வந்தேன் கலா, அந்தக் கரும்பு டிராக்டர் மட்டும் நடுரோட்டில் சாயாமல் இருந்திருந்தால் நாங்கள் வில்லியனூருக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்போம். இரு, எழுந்துகொள்ளாதே. சுமதி மாவு மில்லுக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். என் மருமகள் வீட்டில் இருந்தால் நீ இந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கொடியில் துணி போடக்கூட அவள் உள்ளே போகும் நேரம் பார்க்கிறாய். பரவாயில்லை, உட்கார். அந்தத் துணிக்கூடையைத் தள்ளி வை.

எங்கள் வீட்டு நிலைமை உனக்குப் புதிதில்லை. நீயும் அவளும் எதிரெதிரே நின்று மருந்து பாட்டிலை அட்டைப் பெட்டியில் அடைத்த கம்பெனி, முதலில் உன்னை நிறுத்தியது, அப்புறம் கதவையே மூடிவிட்டது. நீ நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறாய். என் மகன் ஏழுமலை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டதிலிருந்து கரண்டி பிடிப்பது ஒன்றுதான் அவனால் ஆகிறது. நன்றாகத்தான் பிடிக்கிறான், அவன் வைக்கிற காரக்குழம்பைச் சுமதி ஜென்மத்துக்கும் வைக்க மாட்டாள். ஆனால் குழம்புக்குள் போட ஏதாவது வேண்டுமே.

சுமதியின் சித்தி மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறாள். ஹாஸ்டலில் தங்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. வருகிற திங்கட்கிழமை காலை கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இங்கே பக்கத்தில் ஒன்று கிடைத்தால் இருப்பாள், கிடைக்காவிட்டால் போய்விடுவாள். பரணிலிருந்து பையை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டாள். அந்தப் பை கண்ணில் படும்போதெல்லாம் அதன் மேல் ஒரு பழந்துணியைப் போட்டு மூடிவிடுகிறேன். ஏழுமலையைப் பெற்றது நான்தான், ஆனால் என் வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று தெரிந்தவள் அவள்.

அதனால்தான் வேலை தேட நானும் கூடவே கிளம்பினேன். சிரிக்காதே. இத்தனை வருஷம் வேலைக்குப் போனாளே தவிர, வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து கம்பெனி, இதைத் தவிர அவளுக்கு ஒரு வழியும் தெரியாது. எனக்கும் தெரியாது, போர்டு படிக்கவும் வராது. ஆனால் எனக்கு வாய் இருக்கிறது. கேட்டுக் கேட்டே திருப்பதி வரைக்கும் போய் வந்தவள் நான். அதோடு உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் அது எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

புதன்கிழமை வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் என்றார்கள். பாதி வழியில்தான் அந்த டிராக்டர். அச்சு முறிந்து சாய்ந்ததில் கரும்பு முழுக்க ரோட்டில் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. பஸ்ஸில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். பெண்கள் நாங்கள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரும்பை வாரி ஓரத்தில் போட்டோம். சுமதி முகாமுக்கென்று கட்டிய நல்ல புடவையோடு இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. வேலை போனதிலிருந்து கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் அவள்.

டிராக்டர்காரர் ஆளுக்கொரு கரும்பு கொடுத்தார். எனக்கு இருக்கிற பல்லுக்குக் கரும்பு எதற்கு? ஆனாலும் விடவில்லை, வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் நாங்கள் முகாமுக்குள் நுழைந்தோம். மண்டபம் நிறையக் கூட்டம், எல்லார் கையிலும் ஃபைல், எங்கள் கையில் கரும்பு.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் இன்ஜினியரிங் படித்தவளாம். அவள் கேட்டு வந்ததும் பேக்கிங் வேலைதான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். கரும்பில் பாதியை உடைத்துக் கொடுத்தேன். உதட்டுச் சாயம் கலையாமல் எப்படிக் கடிப்பது என்று கொஞ்சம் யோசித்தாள், அப்புறம் வெட்கத்தை விட்டுவிட்டு நன்றாகவே கடித்தாள். அவளுக்கும் கிடைக்க வேண்டும், எங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இருப்பது ஒரே வேலையாக இருந்தால் சாமி என்ன செய்யும், பாவம்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷர், எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். வயசு கேட்டார். சுமதி நாற்பத்திரண்டு என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"முப்பத்தஞ்சுக்கு மேல யாரும் கேக்கலீங்களே."

"அப்ப நாப்பத்திரெண்டுல வயிறு பசிக்காதாப்பா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சுமதியின் போன் நம்பரை வாங்கிக் குறித்துக்கொண்டார். அந்தப் போன் வராது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வெளியே வந்து மாதா கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து ஏழுமலை கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். பெரிய கோயில் அம்மனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்ததால் மாதாவிடமும் சொல்லி வைத்தேன். இரண்டு பேரும் பெண்கள்தானே, பேசி முடிவு செய்துகொள்ளட்டும். சுமதி ஒரு பொட்டலம் பொரி வாங்கினாள். குளத்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பொரி தீர்ந்த பிறகும் கை போட்டுக்கொண்டே இருந்தது. நான் பார்க்காத மாதிரி மாதாவைப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பாண்டி எல்லை தாண்டிக் கடலூர் பக்கம் போனோம். என் அம்மா சாகும் வரைக்கும் அதை வெளிநாடு என்றுதான் சொல்லுவாள். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், நடுவில் சோதனைச் சாவடி என்று இருந்த காலத்தில் வாழ்ந்தவள். இப்போது என்ன இருக்கிறது? ஒரு வளைவு, நாலு சாராயக் கடை, அப்புறம் ரோடு கொஞ்சம் வேறு மாதிரி குலுங்குகிறது, அவ்வளவுதான் வெளிநாடு.

அந்தப் பக்கத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்குப் புரியவில்லை. வேலை இல்லாதவர்கள் என்று எங்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று ரோஷமாக இருந்தது, காசை அவர் கையில் திணிக்கப் பார்த்தேன். பின்சீட்டில் இருந்த பூக்காரப் பெண்தான், இங்கே பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது ஆயா என்று விளக்கினாள். அதன் பிறகு நான் உட்கார்ந்த தோரணையை நீ பார்த்திருக்க வேண்டும்.

தேடிப் போனது இறால் சுத்தம் செய்கிற கம்பெனி. கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். சுமதியின் ஆதாரை வாங்கிப் பார்த்து, பாண்டி அட்ரஸா, இங்கே உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதலில் என்றார். எங்கள் பக்கத்துக் கம்பெனியில் உங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்து இதையேதான் சொல்கிறார்கள் என்றேன். சிரித்துவிட்டு இரண்டு பேருக்கும் டீ வாங்கி வரச் செய்தார். டீயைக் குடித்துக்கொண்டே பேச்சைக் கொடுத்தேன். நீ எந்த ஊர், உன் அம்மா எந்த ஊர் என்று தோண்டினால் கடைசியில் மனுஷன் நம் பாண்டிப் பக்கத்து நெட்டப்பாக்கம்.

"பொண்டாட்டி வூட்டு அட்ரஸ்ல இருக்கேன் ஆயா. வெளிய சொல்லிக்காத" என்றார்.

சுமதிக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு மாமியார் வீடு இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்றேன். "எனக்கு ஒரு மாமியார வச்சிக்கினு சமாளிக்கிறதே போதும் அத்த" என்று சொல்லி அந்த இரண்டு நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள். அதற்காகவே அந்த வாட்ச்மேனுக்கு ஒரு பெண் பிள்ளை பிறக்கட்டும் என்று வாழ்த்தினேன். அவருக்கு ஏற்கெனவே இருக்கிறதாம், போதும் என்றார்.

ஒரு கையேந்தி பவனில் மீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றோம். நம்மைவிடப் புளி தூக்கல், காரம் மட்டு. திரும்பும்போது நம் பக்கத்து பஸ் வந்தது. நான் அதே தோரணையில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் கை நீட்டியதும், பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது தெரியாதா என்று அதட்டினேன். பஸ்ஸே சிரித்தது. "அது அந்த கவர்மெண்டு ஆயா, இது நம்ம கவர்மெண்டு" என்றார் கண்டக்டர். சுமதிதான் டிக்கெட் எடுத்தாள். காலையில் நீட்டினால் வேண்டாம் என்கிறார்கள், மாலையில் வேண்டாம் என்றால் நீட்டச் சொல்கிறார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கவனித்துக் கேள், இதுதான் முக்கியம்.

நீங்கள் இரண்டு பேரும் வேனுக்கு நிற்பீர்களே, அதே புளியமரத்தடியில் ஒரு பிஸ்கட் கம்பெனி வேன் நிற்கும், அதில் வருகிற சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார் என்று யாரோ சுமதிக்குச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் போய் நின்றோம். பழக்கதோஷத்தில் அவள் சாப்பாட்டு டப்பாகூடக் கட்டிக்கொண்டாள். நீ எப்போதும் நிற்கிற வேர் மேட்டை விட்டுத் தள்ளித்தான் நின்றாள், அதையும் பார்த்தேன்.

வெள்ளை வேன் ஒன்று வந்தது, ஜன்னலில் சிவப்புத் திரை. கதவைத் திறந்த பெண், "ஏறு ஆயா, டைம் ஆச்சி" என்றாள். ஏறு என்று சொன்னால் நான் ஏறிவிடுவேன், உனக்குத் தெரியும். ஜன்னலோரம் வேறு காலியாக இருந்தது. நான் உட்கார்ந்ததுதான் தாமதம், பின்னாலேயே ஏறி நின்றவர்கள் எல்லாரும் அவரவர் சாப்பாட்டுப் பையை என் மடியில் வைத்துவிட்டார்கள். கம்பெனி வேனில் அதுதானே வழக்கம், உட்கார்ந்தவர் மடி நிற்பவர்களுக்குப் பரண். சுமதி கீழேயிருந்து, "அத்த, நம்ம வேன் நீலத் திரையாம், எறங்கு" என்று கத்திக்கொண்டே என்னை இழுக்க உள்ளே ஏறினாள். நான் எப்படி இறங்குவது? என் மூக்கு வரைக்கும் டப்பா. ஒன்றில் கருவாட்டுக் குழம்பு, ஒன்றில் முருங்கைக்கீரை, ஒரு மகராசி காலையிலேயே வடை சுட்டிருந்தாள். நான் வாசம் பிடித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் நீலத் திரை போட்ட வேன் அப்போதுதான் புளியமரத்தடிக்கு வந்து நிற்கிறது.

சுமதி அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். வேனில் இருந்தவர்களோ, புது ஆளாக்கும், மாமியார் துணைக்கு வருகிறாளாக்கும் என்று நினைத்து இடம் விட்டு உட்காரவைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். நடுவில் நிறுத்தினால் லேட் போடுவார்கள், சாயங்காலம் இதே வேனில் திரும்பிவிடுங்கள் என்றார். இறக்கிவிட்டாலும் அங்கே எந்த பஸ் வரும்? இரண்டு பக்கமும் கரும்புதான்.

போய் நின்ற இடம் பெரிய தகரக் கொட்டகை. ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற கம்பெனி. அப்பப்பா, நம் ஊர் அம்மன் தேர் அளவுக்கு மெஷின்கள், உள்ளே துணி புரளுகிறது. இஸ்திரி போடுவதற்கு உருளை, அதன் வாயில் ஈரத்துணியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வருகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கே சூப்பர்வைசர் எஸ்தர் என்று ஒரு பெண், வயசு முப்பது சொச்சம் இருக்கும். எங்களைத் திட்டவில்லை. ஒரு மூலையில் நிழலாக உட்காரச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

உருளையிலிருந்து வருகிற படுக்கை விரிப்பைப் பெண்கள் மேஜை ஓரமாக நின்று மடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக. மூலையைப் பிடித்து ஒரு உதறு, எதிரெதிரே நடந்து வந்து ஒரு மடிப்பு, மறுபடி உதறு. பேசிக்கொண்டே செய்கிறார்கள், துணியைப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு மேஜையில் மட்டும் ஆள் இல்லை, துணி மலையாகக் குவிந்து கிடந்தது. எங்கள் சுமதியால் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? எழுந்து போய் ஒரு விரிப்பை எடுத்தாள். நான் போய் எதிர் முனையைப் பிடித்தேன். நாங்கள் வீட்டில் தினமும் புடவை மடிப்பது நீ பார்ப்பதுதானே, அதே கை. அவள் இழுத்தால் நான் விடுவேன், நான் வந்தால் அவள் வருவாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து அந்த மலை பாதியானது எங்களுக்கே தெரியவில்லை.

எஸ்தர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் அம்மாவும் பொண்ணுமா?"

"மாமியா மருமவ" என்றேன்.

அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பிடி மடிக்கிற மாமியா மருமவள நான் பாத்ததே இல்ல."

அப்புறம் அந்த இடத்து வழக்கத்தைச் சொன்னாள். மடிக்கிற மேஜைக்குத் தனி ஆள் எடுப்பதே இல்லையாம். ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள், ஷிஃப்டும் ஜோடியாகத்தான். அக்கா தங்கை, அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள், ஒரே தெருக்காரர்கள் என்று ஏற்கெனவே கை பழகினவர்களாக வருவார்கள். அந்தக் காலி மேஜையில் இருந்தவர்களில் ஒருத்தி மகனோடு சென்னைக்குப் போய்விட்டாளாம். மற்றவளை யாரோடு சேர்த்தாலும் மடிப்புக் கோணிக்கொண்டு போனதாம், அவளும் நின்றுவிட்டாள். வயசு கேட்பீர்களா என்று சுமதி மெதுவாகக் கேட்டாள். "எனக்கு வயசு வேணாம்க்கா. நாலு கையும் ஒண்ணா வந்தா போதும்" என்றாள் எஸ்தர்.

அப்படியானால் நாளையிலிருந்தே நானும் வருகிறேன் என்று சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது, மறைக்கவா முடியும்? "நாள் பூரா நிக்கணும் ஆயா. நீ வுழுந்தா நான் இன்னா பண்ணுவேன்? திங்கக்கிழம காலையில வேற ஒரு ஆள ஜோடி சேத்துக்கினு வரச் சொல்லு. அதுக்கு மேல நான் மேஜைய காலியா வைக்க முடியாது."

சாயங்காலம் வேனில் திரும்பும்போது ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தேன். தெருமுனை ஜெயந்தி? அவளுக்குக் கைக்குழந்தை. என் தங்கை மருமகள்? வாய் நீளம், கை வராது. கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

அப்புறம்தான் சொன்னாள். இதை உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். உன்னை நிறுத்தப் போகிறார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும் என்று நீ நினைத்தாயே, அது நிஜம்தான். மூன்று நாள் முன்னால் அவள் காதில் விழுந்தது. சொல்லலாம் என்று உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

"வாசல்ல பந்தக்கால் நட்டுக்கினு இருந்தாங்க அத்த. அவ பொண்ணுக்கு மறுநாளு மஞ்சத்தண்ணி. கலா கைல மஞ்சளோட ஓடியாந்து என் கன்னத்துல பூசுனா. அப்ப போயி எப்பிடி சொல்லுவேன்? விசேஷம் முடியட்டும்னு இருந்தேன். திங்கக்கிழம கேட்டுல நிறுத்திட்டாங்க. நிறுத்தினதும் எம் மூஞ்சியத்தான் பாத்தா."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், கலா வரமாட்டாள் அத்தை, ஹாஸ்டலுக்கே பையைக் கட்டிவிடலாம் என்றாள். வரமாட்டாள் என்பதைச் சொன்னபோது அவள் இரண்டு கையும் மடியில் என்ன செய்தன தெரியுமா? பாட்டில் அட்டையை மூடுகிற மாதிரி ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. நீ அட்டைக்குள் பாட்டிலை வைப்பாய், அவள் அதன் மூடியை மடிப்பாள், இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தீர்கள். துணியாக இருந்தால் என்ன, அட்டையாக இருந்தால் என்ன?

முகத்தைத் துடைத்துக்கொள். என் முந்தானை சுத்தமாகத்தான் இருக்கிறது, இந்தா.

அடடா, ஏரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறதே. ரோட்டோரம் மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருக்கிறேன், நனைந்தால் அத்தனையும் முளை விட்டுவிடும். அதோ சுமதியும் வந்துவிட்டாள், மாவுத் தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள் பார். நீ எழுந்து போகாதே கலா. கொடியில் அந்தப் பெரிய போர்வை கிடக்கிறது, தரையில் புரளாமல் எடுக்க என் ஒருத்தியால் ஆகாது. இந்த முனையை மட்டும் பிடித்துக்கொள்.

"சுமதி, வாளிய கீழ வச்சிட்டு அந்த முனைய புடிடி. மழ வருது."

பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. உதறுங்கள், போதும். ஆங், அப்படித்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் மூலையோடு மூலை வந்து உட்கார்ந்துவிட்டது பார். இன்னொரு மடிப்பு போடுங்கள். திங்கட்கிழமை சிவப்புத் திரை போட்ட வேனில் ஏறுங்கள், நீலத் திரையில் ஏறித் தொலைக்காதீர்கள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், தூறல் விழுந்துவிட்டது.